கணக்கு டீச்சருக்குப் போட்ட மாலைகள்

உங்களில் சிலர் பாடசாலை அதிபராகப் புதிதாகப் பொறுப்பெடுத்திருக்கிறீர்கள். சிலர் என்னைப் போல அலுவலகத்துக்கும் கேட்டுக்கும் நடுவில் ஓடுகிற வேலைக்கு வந்திருக்கிறீர்கள். எல்லோரும் ஒரே ஒழுகல் கூரையின் கீழ்தான் நனையப் போகிறீர்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிப்பேன், அவ்வளவுதான். இதையும் நான் சொல்லச் சொல்ல வேறொரு பிள்ளை எழுதுகிறது. ஆனால் ஸ்பிரிங்வெளிப் பக்கத்து மலையில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையின் மணி என் கையில் இருந்தது. நான் அடித்தால்தான் பாடம் தொடங்கும், நான் அடித்தால்தான் முடியும். எத்தனையோ அதிபர்கள் வந்து போனார்கள். மணியை நான் யாரிடமும் கொடுத்ததில்லை.

இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. யாரும் சொல்லி வைத்ததல்ல, நானாக எடுத்துக்கொண்டது. இடமாற்றம் கிடைத்துப் போகும் ஆசிரியர்களின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ரோடுவரை கூடப் போவேன். அலுவலகத்தில் ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள்: குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, அட்டை கடிக்கிறது, அம்மாவுக்குச் சுகமில்லை. இறக்கத்தில் நடக்கும்போது வேறு பேச்சு வரும். அதிபர் ஒருநாளும் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை என்பார் ஒருவர். வந்த முதல் வருடமே விளையாட்டுப் போட்டி, நூலகம், ஒழுக்கம், சாப்பாட்டுக் கணக்கு எல்லாவற்றையும் என் தலையில் கட்டினார்கள் என்பார் இன்னொருவர். குளிரால் போனவர் என்று நான் ஒருவரையும் கண்டதில்லை. குளிருக்குக் கம்பளி இருக்கிறது.

இப்போது நான் சொல்லப்போகிறவர் வாசுகி டீச்சர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கணக்குப் படிப்பிக்க வந்தவர். அவருக்கு முன்பு எங்கள் பாடசாலையில் கணக்குக்கு ஆள் இல்லாமல் பல வருடம் போயிருந்தது. சமயம் படிப்பிக்கிற ஆசிரியர், எங்கள் சேர்தான், கணக்குப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு போவார். அதனால் ஒரு கணக்கு டீச்சர் வருகிறார் என்றதும் தோட்டமே இறங்கி வந்துவிட்டது. பஸ் ரோட்டிலிருந்து தப்படித்துக் கூட்டி வந்தார்கள். மாலை போட்டார்கள், ஆரத்தி எடுத்தார்கள். அந்தப் பிள்ளை செருப்பில் அட்டை ஏறுவதைப் பார்ப்பதா, கும்பிடுகிறவர்களைப் பார்ப்பதா என்று தெரியாமல் நடந்து வந்தது.

எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும், தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு விசேசம் என்றால் முன்வரிசையில் ஒரு நாற்காலி டீச்சருக்கு. கல்யாணம், பிள்ளைக்குச் சடங்கு, புது வீடு குடிபோவது, கோயில் திருவிழா, செத்த வீட்டுப் பதினாறு, எல்லாவற்றுக்கும் டீச்சர் வர வேண்டும். விளக்கேற்ற வேண்டும், நாலு வார்த்தை பேச வேண்டும், பொன்னாடை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டுக்குப் போகாவிட்டால் அந்த வீட்டுக்காரர் முகம் கறுத்துவிடும். நேரே டீச்சரைக் கூப்பிடுவதும் மரியாதை இல்லை. அதிபரிடம் வந்து பாக்கு வெற்றிலை வைத்துச் சொல்வார்கள். அதிபர் சரி என்றால் டீச்சர் சரி என்ற மாதிரி.

அப்போது அதிபராக இருந்தவரை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். எங்கள் பக்கத்துத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர், முதல் முறையாக அதிபர் பதவிக்கு வந்தவர். தன் ஆட்கள் வெற்றிலையோடு வந்து நிற்கும்போது அவருக்கு மறுக்க வாய் வராது. "டீச்சர் வருவாங்க, நீங்க போங்க" என்று சிரித்துக்கொண்டே அனுப்புவார். இவ்வளவு மரியாதை கிடைக்கிற இடத்தை விட்டு யார் போவார் என்றும் என்னிடம் கேட்டிருக்கிறார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

வாசுகி டீச்சர் தங்கியிருந்த விடுதி பாடசாலைக்குப் பின்னால். பெருக்கப் போவேன். சுவர் ஆணியெல்லாம் காய்ந்த மாலைகள். மேசையில் திருத்தாத கொப்பிகள். சனிக்கிழமை ஒரு கல்யாணம், ஞாயிறு ஒரு பதினாறு, நடுவில் போனில் பெற்றோர் தொடங்கிவைத்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஓயாமல் சத்தம். ஒருநாள் நான் கேட்டேன், "சாப்பிட்டீங்களா டீச்சர்?"

"எந்த வீட்டில எண்டு கேளுங்கோ அம்மா" என்று சிரித்தது பிள்ளை. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வருடத்து மாரியம்மன் திருவிழா வந்தது. மேடை போட்டு, மைக் கட்டி, தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் பேசினார். தலைவர் வேறு யாருமில்லை, என் கொழுந்தன்தான், என் வீட்டுக்காரரின் தம்பி. குரல் மட்டும் மலையில் எதிரொலிக்கும், ஆள் குட்டை. "இப்ப நம்ம கணக்கு டீச்சர் அம்மா நாலு வார்த்தை பேசுவாங்க" என்றார். வாசுகி டீச்சர் எழுந்து மைக் முன்னால் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"எனக்கு ஏலாது" என்றது. மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, படியிறங்கி, ஆட்களுக்கு நடுவே நடந்து போய்விட்டது.

சாமிக்கு முன்னால் மாலையைக் கழற்றிவிட்டுப் போவதென்றால் எங்கள் பக்கத்தில் சின்ன விசயம் இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே லயத்துக்கு லயம் அதுதான் பேச்சு.

மறுநாள் காலை பெரிய டீச்சருக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். வாசுகி டீச்சர் மாற்றம் கேட்டு எழுதிய கடுதாசியோடு நின்றுகொண்டிருந்தது. முதல் நியமனத்துக்குக் கட்டாயம் இருக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது, அதனால் கேட்க உரிமை உண்டு. ஆனால் அதிபர் அதன் கீழே ஒரு வரி எழுத வேண்டும். பதிலுக்கு ஆள் தந்தால் விடலாம் என்று எழுதிவிட்டால் போதும், அந்தக் கடுதாசி நகராது. பதிலுக்கு எந்தக் காலத்தில் ஆள் வந்தது? இது தெரியாத அதிபர் எங்கள் ஊவா மாகாணத்தில் இல்லை.

பெரிய டீச்சர் கடுதாசியைப் பார்க்கவில்லை. பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்தார். "நாங்க என்னா கொற வச்சோம் டீச்சர்? ஒங்கள மாதிரி யாரையும் இந்தத் தோட்டம் தலையில தூக்கி வச்சதில்லையே."

"அதுதான் மிஸ். தலையில தூக்கி வச்சா கால் எங்க வைக்கிறது?" பிள்ளை அழுதுவிட்டது. "நான் கணக்குப் படிப்பிக்க வந்தனான். வந்த நாளிலயிருந்து ஒருத்தரும் என்ர பாடத்தைப் பாக்கேல்லை. கல்விக் கந்தோர் ஆலோசகர் ஒருக்கா வந்து பதிவுக் கொப்பியில கையெழுத்து வச்சிட்டுப் போனார். நான் நல்லாப் படிப்பிக்கிறனோ கூடாமப் படிப்பிக்கிறனோ எண்டு எனக்கே தெரியாது. ஒன்பதாம் வகுப்புக்குப் பின்னம் ஏறுதில்லை. நான் ஆரைக் கேக்கிறது? மாலை மட்டும் போடுறியள்."

நான் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்துக் கேட்டில் சத்தம். என் கொழுந்தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருந்தார்கள். டீச்சர் மன்னிப்புக் கேட்க வேண்டும், அது ஒன்று. கோபத்தில் மாற்றம் கேட்டுவிடுவார் என்ற பயத்தில், டீச்சரை எங்கேயும் விடக்கூடாது, அது இரண்டு. இரண்டையும் ஒரே வாயால் கேட்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள், அதிபராக வந்திருக்கிற பிள்ளைகளே. வெளியே ஊர். உள்ளே அழுகிற ஆசிரியை. சாதாரணதரப் பரீட்சைக்கு, ஓ எல்லுக்கு, இன்னும் சில மாதம்தான். நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் பார்த்த பல அதிபர்கள் வெளியே போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, "டீச்சர் சின்னப் புள்ள, தெரியாம செஞ்சுட்டாங்க, நான் பேசிக்கிறேன்" என்றிருப்பார்கள். பிறகு உள்ளே வந்து கடுதாசியை மேசை லாச்சியில் போட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் அன்றைக்கு அடங்கிப்போயிருக்கும்.

பெரிய டீச்சர் பேனையை எடுத்தார். தாராளமாக விடலாம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். "இன்னைக்கே பதுளைக் கல்வி ஆபீசுக்கு அனுப்புறேன்" என்றார்.

வாசுகி டீச்சர் மலைத்துப் போய்விட்டது. "மறிக்க மாட்டியளோ?"

"மறிச்சா ஒடம்பு மட்டுந்தான் இங்க இருக்கும். அத வச்சு நான் என்னா செய்ய?" என்றார். எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டார். "இப்ப ஒங்களுக்கு என்னா பாடம்?"

"ஒன்பது."

"வாங்க. நான் பின்னால ஒக்காந்து பாக்குறேன். கணக்கு எனக்கு வராது, அத மொதல்லயே சொல்லிடுறேன். புள்ளைங்க மூஞ்சியப் பாத்தா எங்க ஏறலன்னு தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க மணி அடிக்கிற வரைக்கும் யாரும் உள்ள வரக்கூடாது. யாரும்னா யாருந்தான்."

நான் போய்க் கேட்டில் நின்றேன். கொழுந்தன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணி, தொறங்க."

"பாடம் நடக்குது."

"எங்களுக்குப் பெரிய டீச்சரப் பாக்கணும்."

"அவங்களும் பாடத்துலதான் இருக்காங்க."

"அதிபருக்கு என்னா பாடம்? அவங்க இன்னுமா படிச்சு முடிக்கல?" என்று பின்னால் நிற்கிறவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

"நீதான் அஞ்சாம் வகுப்போட முடிச்சுக்கிட்ட. அவங்க இன்னும் படிக்கிறாங்க" என்றேன். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள்.

"அண்ணன் இருந்திருந்தா என்னைய இப்பிடிப் பேசுவீங்களா?"

"ஒங்க அண்ணன் இருந்திருந்தா ஒன்னைய இந்நேரம் பெரட்டுக்குத் தொரத்தியிருப்பாரு."

மழை பிடித்துக்கொண்டது. கொழுந்துக் கூடைக்குப் போடுகிற ரப்பர் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெண் கம்பிக்குக் கிட்ட வந்தாள். ராசாத்தி. எனக்கு நன்றாகத் தெரிந்தவள்தான். அவள் சிரிக்கவில்லை. "அக்கா, என் மகன் இந்த வருசம் ஓ எல். இந்த டீச்சர் வந்தப்பறந்தான் கணக்குக் கொப்பியவே தொறக்குறான். இவங்க போயிட்டா அவன் கொழும்புக்குக் கடை வேலைக்குத்தான் போவான். எனக்கு மன்னிப்பும் வேணாம் ஒன்னும் வேணாம். டீச்சரப் போகாம இருக்கச் சொல்லுங்க."

கடுதாசியில் கையெழுத்து விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். சொல்வது அதிபரின் வேலை, என் வேலை இல்லை. "மழையில நிக்காத, மரத்தடிக்குப் போ" என்று மட்டும் சொன்னேன். கேட்டைத் திறக்கவில்லை. அலுவலகத்தில் கேட்டதைக் கேட்டில் கொட்டியிருந்தால் அங்கே அன்றைக்கு ஒரு கலவரம். என் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள் இதை மனதில் வையுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு கேட்டுக்கு நேரே. ஜன்னலில் பெரிய டீச்சர் தெரிந்தார். கடைசி வாங்குப் பலகையில், முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருந்தார். பாடம் முடியும் வரை எழவில்லை. நேரம் ஆனதும் மணியை அடித்தேன். இருவரும் வராந்தாவில் நின்று பேசினார்கள். "நீங்க கேள்வி கேட்டுட்டு, புள்ளைங்க யோசிக்க முந்தி நீங்களே பதிலச் சொல்லிடுறீங்க. அவங்க வாயத் தொறக்குற வரைக்கும் நில்லுங்க. அதுவரைக்கும் வகுப்பு சத்தமில்லாம இருந்தா பயப்படாதீங்க" என்று பெரிய டீச்சர் சொல்வது எனக்குக் கேட்டது. குறைதான் சொன்னார். ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தில், மாலை போட்ட அன்றைக்கு இல்லாத ஒரு தெளிவு இருந்தது.

பிறகு பெரிய டீச்சர் குடையில்லாமல் கேட்டுக்கு வந்தார். திறக்கச் சொன்னார், திறந்தேன்.

"டீச்சர் மன்னிப்புக் கேக்க மாட்டாங்க" என்றார். "தப்பு என்னோடது. நீங்க வெத்தல வச்சப்பல்லாம் சரின்னு சொன்னது நான்தான். அவங்கள ஒரு வார்த்த கேக்கல. இனிமே விசேசத்துக்கு நான் வாரேன், அவங்க வர மாட்டாங்க. ஸ்கூல் விட்டப்பறம் விடுதிப் பக்கம் யாரும் போகக் கூடாது. போன்லயும் கூப்பிடக் கூடாது. இன்னொன்னும் இருக்கு, அதையும் என் வாயாலயே கேட்டுக்கோங்க. டீச்சர் மாத்தம் கேட்டிருக்காங்க. விடலாம்னு எழுதி அனுப்புறேன்."

பிறகு கொழுந்தன் வாயில் அது வந்தது. "நீங்க தோட்டத்துப் புள்ளதானே? வெளியாளு செய்யலாம். நீங்க எப்பிடிச் செய்யலாம்?"

அது அடி. பெரிய டீச்சர் முகத்து மழையைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பேசும்போது குரலை உயர்த்தவில்லை.

"தோட்டத்துப் புள்ளைங்கிறதாலதான் தலைவரே. நம்ம பாட்டன் காலத்துல ஒருத்தன் இந்தத் தோட்டத்த விட்டுப் போகணும்னா கங்காணிகிட்ட துண்டு வாங்கணும். துண்டு இல்லாம அடுத்த தோட்டத்துல வேல குடுக்க மாட்டாங்க. எங்க பாட்டன் கடைசி வரைக்கும் அது கெடைக்காமலே செத்தாரு. இப்ப அந்தத் துண்ட நான் கையில வச்சுக்கிட்டு ஒரு பொம்பளப் புள்ளய அழ வைக்கணுமா? சொல்லுங்க, வைக்கிறேன்."

கொழுந்தன் கேட்டை விட்டு விலகி நின்றார். ராசாத்தி அழுதாள். பெரிய டீச்சர் அவளிடம் போய், "ஒன் மகனுக்கு நான் வாக்குத் தர முடியாது. டீச்சர் இருக்கிற வரைக்கும் அவங்களக் கணக்கு மட்டும் படிப்பிக்க விடுவேன். அது மட்டுந்தான் என் கையில இருக்கு" என்றார்.

சொன்னபடி செய்தார். வாசுகி டீச்சர் தலையிலிருந்த விளையாட்டையும் நூலகத்தையும் வேறு ஆட்களுக்குப் பிரித்தார், பாதியைத் தானே எடுத்துக்கொண்டார். வாரத்தில் ஒரு பாடம் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தார். பண்டாரவளையில் நல்ல பேர் எடுத்த ஒரு கணக்கு சேரிடம் பேசி, வாசுகி டீச்சர் அங்கே போய் அவர் படிப்பிப்பதைப் பார்த்துவர நாள் ஒதுக்கினார். அன்றைக்கு இங்கே வகுப்பைத் தானே பார்த்துக்கொண்டார். கணக்கு வராது என்று பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டார். அவர்களே கரும்பலகையில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்களாம். வழக்கத்தை ஆட்கள் அவ்வளவு லேசில் விடுவார்களா? கல்யாண வீட்டில் முன்வரிசையில் டீச்சருக்கு வெறும் நாற்காலி போட்டு அதற்குப் பொன்னாடை போர்த்தினார்கள். என் கொழுந்தன்தான் போர்த்தினார். "நாக்காலி எந்திரிச்சுப் போவாது பாருங்க அண்ணி" என்று என்னைக் குத்தினார். டீச்சர் விடுதியில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தது.

பரீட்சைக்கு முன்னமே மாற்றம் வந்தது. பெரிய டீச்சர் அதை வாங்கி அப்படியே வாசுகி டீச்சரின் கையில் கொடுத்தார். இருங்கள் என்று ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம், அவர் சொன்னால் நல்லது என்றும் இருந்தது. வாசுகி டீச்சர் ஒருநாள் யோசித்தது. பரீட்சை முடிந்த பிறகு போய்ப் பொறுப்பெடுக்க அனுமதி கேட்டுத் தானாக எழுதியது. "பின்னம் இப்பதான் ஏறுது மிஸ்" என்று மட்டும் சொன்னது.

பரீட்சை முடிந்ததும் வாசுகி டீச்சர் கிளம்பியது. ராசாத்தியின் மகன் பிறகு கணக்கில் தேறி, பதுளைக்கு மேலே படிக்கப் போனான். டீச்சர் கிளம்பிய அன்றைக்குப் பெட்டியை நான் எடுத்தேன், கொழுந்தன் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். இறக்கத்தில் வாசுகி டீச்சர் அம்மாவோடு இருக்க ஆசை என்று சொன்னது. அன்று காலை அலுவலகத்தில் விடைபெறும்போது சொன்னதும் அதுதான். இரண்டு இடத்திலும் ஒரே காரணத்தை நான் கேட்டது அன்றைக்குத்தான் முதல் முறை.

பிறகு கொஞ்ச காலம் கணக்குக்கு ஆள் இல்லை. தோட்டத்தில் பெரிய டீச்சரைத் திட்டாத வாய் இல்லை. கோயிலில்கூடச் சிலர் முகம் கொடுக்கவில்லை. நல்லது செய்த மறுநாளே நல்ல பேர் வரும் என்று நினைத்து அதிபராக வராதீர்கள்.

ஒரு காலையில் நான் மணி அடிக்கப் போகும்போது கேட்டில் ஒரு பிள்ளை பெட்டியோடு நின்றது. பேச்சைக் கேட்டதுமே யாழ்ப்பாணம் என்று தெரிந்தது. கணக்கு டீச்சராம். நியமனம் எடுக்கும்போது கொடுத்த இடங்களில் இதைத் தானே கேட்டு வாங்கியதாகச் சொன்னது. டவுன் பாடசாலை ஒன்றும் இருந்ததாம்.

எனக்கு நம்ப முடியவில்லை. "டவுன விட்டுட்டு இந்த மலைக்கு ஏன் வந்தீங்க டீச்சர்?"

"வாசுகி அக்காதான் சொன்னவ" என்றது பிள்ளை. "போக வேணுமெண்டு நீ கேட்டா, அங்க ஒருத்தரும் உன்னை மறிக்க மாட்டினம், பயப்படாமப் போ எண்டு. அதுதான் வந்தனான்."

நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பிள்ளை அங்கேதான் கணக்குப் படிப்பிக்கிறது. மாற்றம் கேட்கிற காலம் வந்து, போய்விட்டது. அது கேட்கவில்லை.